மணவாளன் பாவாவின் ஒன்பது விமானங்கள்

என் அக்கா விஜியின் கணவர் மணவாளன். எங்கள் பக்கத்தில் அக்கா புருஷனை பாவா என்று கூப்பிடுவோம். திருத்தணியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டுகிறவர். காலையில் திருத்தணியிலிருந்து கிளம்பி பொதட்டூர்பேட்டைக்கு வந்து, எங்கள் தெருப்பக்கத்துப் பிள்ளைகள் பதினான்கு பேரை ஏற்றிக்கொண்டு போவார். சாயங்காலம் கொண்டுவந்து விடுவார். அந்தப் பதினான்கில் ஒன்று என் மகள் ஷாலினி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் செய்ததற்கும் செய்யாமல் விட்டதற்கும் இதுதான் காரணம்.

அக்காவுக்கும் பாவாவுக்கும் பிள்ளை இல்லை. பார்க்காத வைத்தியம் இல்லை, ஏறாத படி இல்லை. பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். பாவாவுக்கு வேனில் ஏறுகிற பதினான்கும்தான் பிள்ளைகள். அது போக விமானங்கள்.

அரக்கோணத்தில் கடற்படை விமானதளம் இருக்கிறது. அங்கே கிளம்புகிற சாம்பல் நிற விமானங்கள் எங்கள் தலைக்கு மேலேதான் வட்டம் போடும். நாங்கள் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பாவா மட்டும் சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து வெளியே ஓடுவார். கல்யாணமான புதிதில் இதைப் பார்த்து என் நைனா மிரண்டுபோய், "மாப்ளைக்கு இன்னாம்மா ஆச்சு? சோத்துல கல்லா?" என்று அக்காவைக் கேட்டார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் ரிமோட்டில் பறக்கும் விமானம் செய்ய ஆரம்பித்தார். திருத்தணியில் அவர்கள் வீடு ரொம்பச் சின்னது, கால் நீட்டினால் சுவர் இடிக்கும். அதனால் என் தறிக்கொட்டகையில் ஒரு மூலையைக் கேட்டார். எனக்கு நான்கு விசைத்தறி. லுங்கி ஓடும். நெய்த லுங்கியை மடித்து அடுக்குகிற மேசையில் பாதியை அவருக்கு விட்டுக்கொடுத்தேன். விட்டுக்கொடுத்தேன் என்று பெருமையாகச் சொல்கிறேனே தவிர, முணுமுணுத்துக்கொண்டேதான் கொடுத்தேன். நாற்பது வயது ஆளுக்கு இந்த வேலை எதற்கு என்று இருந்தது.

முதலில் ஒன்றைத் தெர்மாகோலில் அழகாகச் செதுக்கினார். வேனின் கீறலை மறைக்க வைத்திருந்த ஸ்பிரே பெயிண்டை எடுத்து அதன் மேல் அடித்தார். அந்தப் பெயிண்டில் இருந்த தின்னர் தெர்மாகோலைத் தின்ன ஆரம்பித்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறக்கை குழி குழியாகி, ஒரு பக்கம் மடிந்து உட்கார்ந்துவிட்டது. பறக்காத அதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். பாவா கோபித்துக்கொள்ளவில்லை.

"சிரிச்சிக்க அரி. ஒண்ணு கத்துகினேன் இல்ல?" என்றார்.

அதற்குப் பிறகு பிளக்ஸ் பேனர் கடையில் மிச்சம் விழும் சன்போர்டு என்கிற நுரைப்பலகையைக் கொண்டுவந்து அறுத்தார். சுவருக்கு அடிக்கிற தண்ணீர்ப் பெயிண்டையே பூசினார். மடிக்க வேண்டிய இடத்தில் பிளேடால் பாதி ஆழம் மட்டும் கீறுவார். இறக்கை உடையாமல் அங்கே வளையும். சூட்டுப்பசை ஒட்டும் வாசனையும் என் தறியின் எண்ணெய் வாசனையும் கலந்து கொட்டகை முழுக்க நிற்கும். ஒவ்வொரு துண்டையும் சமையலறைத் தராசில் வைத்துப் பார்ப்பார். பெயிண்டும் எடைதான் என்பது அவர் சட்டம். ஷாலினி ஒருமுறை ஆசையாக இன்னொரு கை பூசப் போனபோது, "ஐயையோ, ஒரு கைக்கு மேல பூசாத கண்ணு, பன்னெண்டு கிராம் ஏறிப்பூடும்" என்று பிரஷ்ஷைப் பிடுங்கினார்.

விமானத்தின் முதுகில் இஷ்டப்படி வண்ணம் தீட்டுவார். வயிற்றில் மட்டும் எப்போதும் ஒரு நீலக் கோடு. எதற்கு என்று கேட்டதற்கு, "மேல போயிட்டா எல்லாம் நெழலுதான். முதுகு தெரியுதா வயிறு தெரியுதான்னு வெச்சிதான் அது எந்தப் பக்கம் சாஞ்சிகினு போவுதுன்னு கண்டுபுடிக்கணும். தப்பாப் புரிஞ்சிகினா தப்பாத் திருப்பிடுவோம்" என்றார். புரிந்தது. ஒரு கோடு, அவ்வளவுதானே.

விமானங்கள் விழும். ஒட்டுவார். இனி ஒட்ட இடமில்லை என்று ஆனதும் என் கொட்டகை உத்தரத்தில் கம்பி கட்டித் தொங்கவிடுவார். இப்படி எட்டு விமானங்கள் வரிசையாக என் தலைக்கு மேலே தொங்கின. நான் பகலெல்லாம் அவற்றின் கீழே நின்று நூல் முடிந்தேன். எட்டு வருஷம் நின்றேன். ஒருநாளும் அண்ணாந்து சரியாகப் பார்த்ததில்லை. இதை எழுதும்போது எனக்கே என்னை அறையலாம் போல இருக்கிறது.

போன ஆனி மாதம் ஒன்பதாவது விமானம் தயாரானது. அதன் முதுகில் என் தறியில் ஓடுகிற சிவப்புக் கட்டம் போட்ட லுங்கியை அப்படியே தீட்டியிருந்தார். கோடு கோடாக டேப் ஒட்டி, ஒரு நிறம் காய்ந்ததும் அடுத்தது என்று பதினைந்து நாள் வேலை. "உன் கொட்டாயில பொறந்த புள்ள, உன் துணியத்தான கட்டிக்கணும்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் வயிற்றைத் திருப்பிக் காட்டியதும் எரிச்சலாகிவிட்டது. பாதிக்குப் பாதி கருப்பும் மஞ்சளும். கை அகலப் பட்டை. அதுவும் மூன்று கை பூச்சு.

"இன்னா பாவா இது, ஆட்டோ கலரு?" என்றேன். "ஒரு கோடுதான போடுவீங்க? பெயிண்டு வெயிட்டுன்னு எங்களையெல்லாம் வெரட்டிட்டு, நீங்க சுண்ணாம்பு மாதிரி அடிச்சி வெச்சிகிறீங்க?"

"இருக்கட்டும் அரி. பளிச்சுன்னு கீது" என்றார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

நெசவுக்காரன் புத்தி என்று ஒன்று இருக்கிறது. லுங்கிக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் கிடையாது. எப்படித் திருப்பிக் கட்டினாலும் கட்டம் ஒன்றுபோல விழ வேண்டும். பின்பக்கம் அசிங்கமாக இருந்தால் எங்கள் ஊரில் அது துணியே இல்லை. முதுகில் என் லுங்கி, வயிற்றில் ஆட்டோ. அதுவும் ஞாயிற்றுக்கிழமை ஏரியில் பறக்கவிடும்போது தெருவே வந்து பார்க்கப் போகிறது. எனக்குப் பொறுக்கவில்லை. எட்டு வருஷம் பழகின கைக்கு அடையாளம் எதற்கு என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை தறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். கருப்பையும் மஞ்சளையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்து, அவர் வைத்திருந்த அதே சிவப்பு, அதே நீலம், அதே டேப். இரண்டு நாளில் வயிற்றிலும் லுங்கிக் கட்டம் வந்துவிட்டது. முதுகில் முடிகிற கோடு விளிம்பில் மடிந்து வயிற்றில் தொடர்ந்தது. பாவாவிடம் சொல்லவில்லை. மேலே ஏறியதும் பார்த்து அசந்துபோகட்டும் என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை ஏரிக்குப் போனோம். ஏரி காய்ந்து வெடித்துக் கிடந்தது. வேன் பிள்ளைகளில் பாதிப்பேரும் அவர்கள் அப்பாக்களும் கரையில் நின்றார்கள். நான் விமானத்தை வயிறு கீழே இருக்கும்படியே தூக்கி வந்து தரையில் வைத்தேன். பாவா குனிந்து, மடிப்புகளை ஒவ்வொன்றாக விரலால் ஆட்டிப் பார்த்தார். பேட்டரி சொருகினார். காற்று எந்தப் பக்கம் என்று மண்ணைக் கிள்ளித் தூவினார். நான் எடுத்து ஓடி வீசினேன்.

அவ்வளவு அழகாக ஏறியது. பிள்ளைகள் கத்தினார்கள். ஒரு வட்டம் போட்டு ஏரியின் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பியது. நான் பாவாவின் முகத்தைப் பார்த்தேன், இப்போது சிரிப்பார், இப்போது சிரிப்பார் என்று. அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. தலையை இடமும் வலமும் திருப்பித் தேடிக்கொண்டிருந்தார்.

"அரி, இன்னா தெரியுது? மஞ்சளா, செவப்பா?"

"எது பாவா?"

"சீக்கிரம் சொல்றா! மஞ்சளா செவப்பா? வயிறா முதுகா?"

"ரெண்டும் செவப்புதான் பாவா. நான்தான் அடிச்சேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. விமானம் எங்களுக்கு நேர் எதிரே, ஒரு தென்னை மர உயரத்தில், வலது இறக்கையைத் தாழ்த்திக்கொண்டு வந்தது. நான் அதைப் பார்க்கிறேன். கரையில் நின்ற ஆறு வயதுப் பிள்ளை பார்க்கிறது. பாவா அதற்கு இடதுபுறம் வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டு, "எங்க? எங்க கீது?" என்று கேட்டார். ரிமோட்டின் குச்சியைத் தள்ளினார். விமானம் மல்லாந்து, மூக்கு கீழாக, ஏரி மண்ணில் குத்தியது.

பிள்ளைகள் ஓடிப்போய்த் துண்டுகளைப் பொறுக்கினார்கள். எனக்குச் சில விஷயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. வேனின் இடப்பக்கக் கண்ணாடி ஒரே வருஷத்தில் இரண்டு முறை உடைந்தது. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் வண்டி எடுக்க மாட்டேன் என்று இரண்டு வருஷமாக லீவு போட்டது. அதற்கு முந்தின மாதம் மொட்டை மாடியில் அரக்கோணத்து விமானம் தலைக்கு மேலே போனபோது, பாவா, எங்கள் பாவா, "எந்தப் பக்கம்?" என்று கேட்டது. அதைக் கேட்டு நான் கிண்டல் செய்தது.

கூட்டம் கலைந்த பிறகு கொட்டகைக்கு வந்தோம். உடைந்த இறக்கையை மேசையில் போட்டுவிட்டு நான் முதல் முறையாக அண்ணாந்து பார்த்தேன். எட்டு வயிறுகள். முதலாவதில் விரல் கனத்தில் நீலக் கோடு. அடுத்ததிலும் அதேதான். மூன்றாவதில் இரண்டு விரல். நான்காவதில் நீலம் போய் ஆரஞ்சு. பிறகு பட்டை. பிறகு இரண்டு பட்டை. எட்டாவதில் பாதி வயிறு கருப்பு. அவர் கண் எந்த வருஷம் எவ்வளவு போனது என்று என் தலைக்கு மேலேயே வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார். ரசனை கெட்டுவிட்டது என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

"எத்தினி நாளா பாவா?"

தறியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். "கண்ணுல பிரஷராம். நாலஞ்சி வருசமா இருந்திருக்கும்ன்றாங்க. மெட்ராஸ்ல காட்டினேன். போனது போனதுதான், மீதிய காப்பாத்திக்க சொட்டு மருந்து போடுன்னுட்டாங்க."

"அக்காவுக்கு?"

"தூசிக்கு மருந்துன்னு சொல்லிகீறேன்."

"வண்டி ஓட்டலாம்னு சொன்னாங்களா?"

தறியில் அறுந்து நின்ற நூலை விரலில் சுருட்டினார்.

"ஓட்டலாம்னு சொன்னாங்களா பாவா?"

"ஓட்டாதன்னாங்க. ஒண்ணரை வருசம் ஆச்சி."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத முடியாது. என் பாவாவை, என் அக்கா புருஷனை, வாடா போடா என்று பேசினேன். ஒன்றரை வருஷம், தினமும் இரண்டு வேளை, லாரியும் பஸ்ஸும் ஓடுகிற ரோட்டில் என் பிள்ளை அந்த வண்டியில் போய் வந்திருக்கிறாள்.

"நடுவுல நல்லா தெரியுதுடா" என்றார். கெஞ்சினார். "சுத்திதான் இருட்டிகினு வருது. ரோடு நேராதான கீது? ரோடு தெரிஞ்சா போதாதா? மெதுவாத்தான் போறேன்."

"சைடுல ஒரு புள்ள ஓடியாந்தா?"

அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். நூல் கழிவுக் குவியலுக்குப் பக்கத்தில், ஐம்பதை நெருங்குகிற மனுஷன், முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "இந்த ஒரு வருசம் உடுறா அரி. காலையில பதினாலு பேரு மாமா மாமான்னு கூப்புடறாங்க. அது இல்லன்னா நான் இன்னாத்துக்கு எழுந்திருக்கணும் சொல்லு. விஜிகிட்ட சொல்லாத. உன் கால்ல வேணா விழறேன்."

என்னால் ஆங் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. பாவா முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறப் போய்விட்டார்.

அன்று முழுக்க நான் யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவி கவிதாவிடம்கூடச் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலையில் ஷாலினி சீருடை போட்டு நின்றபோது, இன்றைக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம், உள்ளேயே இரு என்றேன். என் பிள்ளையை மட்டும் நிறுத்தினேன். மற்ற பதிமூன்றும் அதே தெருப்பக்கத்துப் பிள்ளைகள்தான், அவர்கள் அப்பாக்களோடு நான் தினமும் டீ குடிக்கிறேன். ஒருவன் வீட்டுக் கதவையும் போய்த் தட்டவில்லை. பாவாவை இவ்வளவு திட்டினேனே, நான் என்ன யோக்கியன்?

எங்கள் வீடு தெருக்கோடியில். கடைசியாக ஏறுகிறவள் ஷாலினி. பாவாவின் வேனில் ஒரு வழக்கம் உண்டு. ஏறுகிற பிள்ளை சீட்டில் உட்கார்ந்ததும், "ஏறிட்டேன் மாமா" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அவர் திரும்பாமலே எண்ணிக்கொள்வார். பதினான்கு வந்ததும் வண்டி நகரும். இரண்டு வருஷமாகத்தான் இந்த வழக்கம். எவ்வளவு செல்லமான விளையாட்டு என்று நாங்கள் எல்லோரும் மெச்சியிருக்கிறோம்.

வேன் வந்து நின்றது. நான் வாசல் கரண்ட் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றேன். பாவா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஷாலினி?" என்றார்.

நான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"ஷாலினி கண்ணு, ஏறிட்டியா?"

"அவ வரல மாமா" என்று உள்ளேயிருந்து ஒரு பிள்ளை சொன்னது.

"வயித்து வலி பாவா" என்றேன். குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

"பொய்!" என்று வீட்டுக்குள்ளிருந்து ஷாலினி கத்தினாள். "எனக்கு ஒண்ணும் வலிக்கல மாமா. நைனாதான் போவக் கூடாதுன்றாரு!"

அவளை அடக்கலாம் என்று வாசற்படிக்கு ஓடினேன். அதற்குள் பின்னால் இன்ஜின் நின்றது. திரும்பிப் பார்த்தேன். பாவா இரண்டு கையாலும் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டார். சாவியை உருவினார். ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார்.

"இந்தா அரி. வாங்கிக்க. நீ செஞ்சதுதான் சரி."

சாவியைக் கரண்ட் கம்பத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தார். நான் பேசிய இடம் அது. நான் இப்போது நின்றது படியில், அவருக்குப் பக்கவாட்டில், பத்தடி தள்ளி. கை அங்கேயே நீண்டிருந்தது. பிள்ளைகள் மாமா விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது. அவருக்கு வரவில்லை.

"புள்ளைங்கள எறக்கி உடு. பாத்து எறக்கு, அந்தப் பக்கம் வண்டி வருதான்னு பாரு" என்றார். பிறகு உள்பக்கம் பார்த்து, "எல்லாரும் எறங்குங்க கண்ணுங்களா. எறங்கறவங்க சொல்லிட்டு எறங்கணும்" என்றார்.

கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். பையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக இறங்கின. எதற்கு என்று ஒன்றுக்கும் தெரியாது.

"எறங்கிட்டேன் மாமா."

"எறங்கிட்டேன் மாமா."

அவர் திரும்பாமல் எண்ணிக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. பதிமூன்று வந்ததும் நின்றுவிட்டது. அவர் இருக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. தினமும் எண்ணுகிற கணக்கு முடியாமல் அப்படியே காத்துக்கொண்டிருந்தார்.

ஷாலினி என்னைத் தாண்டி வந்தாள். வேன் படியில் ஒரு காலை வைத்து ஏறி, மறுபடி இறங்கினாள்.

"எறங்கிட்டேன் மாமா" என்றாள்.

"பதினாலு" என்றார் பாவா.